கத்திரி வெயிலில் கேமிங் லேப்டாப்

கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் போன் செய்தான். “மாமா, லேப்டாப் தானா ஆஃப் ஆயிருச்சு. அடியில கை வைக்க முடியல, தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது.”

மதுரை அண்ணாநகரில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை, மேலே சிமென்ட் ஷீட். போய்ப் பார்த்தால் லேப்டாப் இலவம்பஞ்சு மெத்தையில் பாதி புதைந்து கிடக்கிறது. முந்தைய தீபாவளித் தள்ளுபடியில் எண்பதாயிரத்துக்கு வாங்கியது. “என்ன மாப்ள பண்ண?” என்றேன். கிராஃபிக்ஸ் கார்டு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டானாம். எவ்வளவு நேரம்? “ரெண்டு மணி நேரம் ஓடுச்சு மாமா, அப்புறம் பொசுக்குன்னு நின்னுருச்சு.”

டேபிள் ஃபேனுக்கு முன்னால் அரைமணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு அது பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டன. எண்பதாயிரத்துக்கு அவன் வாங்கியது உண்மையில் என்ன? அவன் செய்த சோதனை தேவையானதா, வம்பை விலைக்கு வாங்கும் வேலையா? கிளறிப் பார்த்ததில் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் கிடைத்தது: வாட் கணக்கில்.

ஆடித் தள்ளுபடியிலேயே வளர்ந்த ஊர் இது. ஜவுளிக்கடையில் பாதி விலை என்று எழுதி வைத்திருந்தால், நம் வீட்டுப் பெண்கள் முந்தானையைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவார்கள். லேப்டாப்பில் கசக்கிப் பார்க்க எதுவும் இல்லை. 2014 அக்டோபரில் ஃப்ளிப்கார்ட் தன் முதல் ‘பிக் பில்லியன்’ விற்பனையை நடத்தியதிலிருந்து புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் ஆன்லைன் கடைகளுக்கு ஆடி ஆகிவிட்டன. திரையில் அடித்துக் காட்டப்படும் பழைய விலை பெரும்பாலும் எம்.ஆர்.பி. அந்த விலைக்கு அந்த மாடலை யாரும் ஒருநாளும் வாங்கியிருக்க மாட்டார்கள். ஆகவே ‘நாற்பது சதவீதம்’ என்பது எதிலிருந்து நாற்பது என்று தெரியாதவரை வெறும் சத்தம். அதே மாடல் மூன்று மாதமாக என்ன விலைக்குப் போனது என்று குறித்து வைத்துக்கொண்டு பார்த்தால், உண்மைத் தள்ளுபடி பல நேரங்களில் வங்கிக் கார்டுச் சலுகை அளவுக்குத்தான் நிற்கும்.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வட்டியே இல்லாத தவணைத் திட்டம் என்று ஒன்று இருக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது நடப்பது என்னவென்றால், வட்டித் தொகையைக் கடைக்காரர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார், வங்கி அதே தொகையை வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி மட்டும் நம் தலையில் விழுகிறது. எண்பதாயிரத்தை ஆண்டுக்கு 15 சதவீத வட்டிக் கணக்கில் 12 தவணையாகக் கட்டினால் வட்டி சுமார் 6,100 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி சுமார் 1,100 ரூபாய். பிராசசிங் கட்டணம் தனி. பெரிய கொள்ளை இல்லைதான். ஆனால் இலவசமும் இல்லை. வட்டிக்குப் போட்டுத் தொழில் செய்வதை நூறு வருடமாகப் பார்த்துவரும் மதுரைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் கார்டின் பெயரில் ஒளிந்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்று பெட்டியில் எழுதியிருந்தால் எல்லா 4060-உம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். லேப்டாப்புக்கான 4060 சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் கட்டிப்போட்டு விற்க, லேப்டாப் தயாரிப்பாளர்களுக்குச் சிப் நிறுவனமான என்விடியா அனுமதி தந்திருக்கிறது. ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். ஒன்றுக்கு இன்னொன்று மூன்று மடங்கு மின்சாரம் குடிக்கிறது. குறைந்த வாட் 4060-ஐ நல்ல குளிரூட்டலோடு வரும் 115 வாட் 4050 ஏறக்குறைய எட்டிப்பிடித்துவிடும். முன்பெல்லாம் சிக்கன மாடல்களின் பெயருக்குப் பின்னால் ‘மேக்ஸ்-க்யூ’ என்ற வால் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். 2021-இல் 30 வரிசை வந்தபோது அந்த வாலை எடுத்துவிட்டார்கள். வாட் அளவைத் தயாரிப்பாளரே விவரப் பக்கத்தில் போட வேண்டும் என்று ஏற்பாடு. போடுகிறார்கள், எங்கே போடுகிறார்கள் என்றால், பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போனால் வரும் பொடி எழுத்தில். அந்த வாட் அளவுக்கு டிஜிபி என்று பெயர். கடையில் நிற்கும் பையனிடம் “டிஜிபி எத்தனை வாட்?” என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர், “சார், இது ஐ7” என்பார்கள்.

டவுன்ஹால் ரோட்டிலும் மாசி வீதிகளிலும் விலை கேட்டு நடப்பவர்கள் எல்லாரும் விளையாடுவதற்காக வாங்குபவர்கள் இல்லை. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டியிலிருந்து வரும் பொறியியல் மாணவர்கள் ஒரு கூட்டம். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் நெருங்கினால் 4கே வீடியோவை ராத்திரி முழுக்க ‘ரெண்டர்’ போட அவர்களுக்குக் கேமிங் லேப்டாப்தான் கட்டுப்படியாகும். ஒரு விளையாட்டுக்காரன் இரண்டு மணி நேரத்தில் மூடி வைத்துவிடுவான். வீடியோக்காரர் எட்டு மணி நேரம் விடாமல் ஓட்டுவார். சொல்லப்போனால் அவர் தினமும் செய்வதே ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட், அதாவது மருமகன் செய்தது போன்ற தாங்குதிறன் சோதனை. வாட் போக, ரேமையும் பார்க்க வேண்டும்: 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்கே மெமரி சிப்கள் மொத்தமாகப் போகத் தொடங்கி ரேம் விலை எகிறிய பிறகு, ‘அப்புறம் போட்டுக்கலாம்’ என்று 8 ஜிபியோடு வாங்கியவர்கள் கையைப் பிசைகிறார்கள். 16 ஜிபியோடு வரும் மாடல் விலை கூடுதல் என்றாலும் அதுவே மலிவு.

இனி சோதனைக்கு வருவோம்.

ஃபர்மார்க் திரையில் ஒரு மயிர் முளைத்த வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும், மெதுவடைக்குப் பூனைத்தோல் போர்த்தியது போல. சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த ஒவ்வொரு மயிரையும் வரைய, கார்டில் உள்ள கணக்கிடும் பகுதிகள் அத்தனையும் ஒரு நொடி ஓய்வில்லாமல் உழைக்க வேண்டும். சாதாரண விளையாட்டில் காட்சி மாறும், பிராசசர் சற்று யோசிக்கும், கார்டு மூச்சு வாங்கிக்கொள்ளும். இதில் மூச்சே கிடையாது. அதனால்தான் கார்டு தயாரிப்பாளர்களுக்கும் இந்த மென்பொருளுக்கும் ஆரம்பத்திலிருந்தே பகை. கார்டு நிறுவனமான ஏடிஐ 2008-இல் தன் டிரைவரிலேயே ஒரு தந்திரம் செய்தது: ஓடுவது ஃபர்மார்க் என்று கோப்புப் பெயரை வைத்துக் கண்டுகொண்டால் வேகத்தைக் குறைத்துவிடும். பயனர்கள் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டில் வேறு பெயரில் ‘உள்ளேன் ஐயா’ சொல்வது போலத்தான். 2010 நவம்பரில் என்விடியா தன் ஜிடிஎக்ஸ் 580-இல் மின்சாரத்தை அளக்கும் தனிச் சுற்றையே வைத்து, ஃபர்மார்க்கும் அதே மாதிரிச் சோதனை மென்பொருளான ஓசிசிடியும் ஓடும்போது கடிவாளம் போட்டது.

இந்தச் சண்டையால் நமக்கு நல்லது நடந்தது. இன்றைய கார்டுகள் எந்த மென்பொருளை ஓட்டினாலும் தமக்கு விதித்த வாட்டைத் தாண்டுவதில்லை. வெப்பம் எல்லையைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. லேப்டாப் கார்டுகளில் அந்த எல்லை பெரும்பாலும் 87 டிகிரி அருகில் இருக்கும். அதையும் மீறினால் இயந்திரம் தன்னை அணைத்துக்கொள்ளும். என் மருமகனின் லேப்டாப் செய்தது இதைத்தான். அது செத்துப் போகவில்லை, தற்காப்புக்காக மயங்கி விழுந்தது. ஆகவே ‘ஃபர்மார்க் போட்டால் கார்டு எரிந்துவிடும்’ என்ற பேச்சு பதினைந்து வருடத்துக்கு முந்தைய பேச்சு.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். 2021 ஜூலையில் அமேசானின் ‘நியூ வேர்ல்ட்’ விளையாட்டு சோதனை வெளியீட்டில் இருந்தபோது விலையுயர்ந்த ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் சில அடுத்தடுத்துச் செத்தன. விளையாட்டின் முகப்புப் பக்கத்தில் நொடிக்கு இத்தனை படம் என்ற வரம்பு இல்லாததால் கார்டு வெறிபிடித்து ஓடியது என்றார்கள். கார்டுகளைச் செய்த இவிஜிஏ நிறுவனம் திரும்பி வந்தவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சுமார் இரண்டு டஜன் கார்டுகளில் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் பகுதியில் சால்டரிங் சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, மாற்றிக் கொடுத்தது. விளையாட்டு அந்தக் குறையை உண்டாக்கவில்லை, வெளியே இழுத்துப் போட்டது. 2010-இல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வந்தபோதும் இதே கதை: வெறும் மெனு பக்கம் கார்டைக் கொதிக்கவைத்தது. ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்வதும் இவ்வளவுதான். ஆரோக்கியமான கார்டை அது கொல்லாது. பிறவிக் குறையோடு வந்த கார்டை முன்கூட்டியே படுக்க வைத்துவிடும். அது வாரன்ட்டிக்குள் நடந்தால் உங்களுக்கு லாபம், வெளியே நடந்தால் நஷ்டம். ஆபத்து முழுவதும் தேதியில் இருக்கிறது.

லேப்டாப்பில் இன்னொரு சங்கதி உண்டு. கார்டும் பிராசசரும் ஒரே செப்புக் குழாயில் வெப்பத்தைக் கொட்டுகின்றன. கார்டுக்கு மட்டும் சோதனை போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் வியர்க்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் முறுக்கும் சோதனைகள் அடாப்டரையும் பிழிந்துவிடும். சார்ஜர் போட்டிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்கினால் அடாப்டர் திணறுகிறது என்று அர்த்தம். கார்டின் மையத்தில்தான் வெப்பமானி இருக்கிறது. மின்சாரத்தைப் பகிரும் சின்னச் சின்ன பாகங்களுக்கும், ஓரத்தில் இருக்கும் மெமரி சிப்களுக்கும், பல லேப்டாப்களில் நம் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல் இல்லை. மையம் 80 டிகிரி காட்டும்போது அங்கே எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

சிம்மக்கல் பக்கம் சிப் லெவல் சர்வீஸ் செய்யும் ஒருவரிடம் லேப்டாப்பை எடுத்துப் போனோம். அடியில் பத்து ஸ்க்ரூ. பழைய கிடார் பிக் ஒன்றை ஓரத்தில் செருகி ‘டக் டக்’ என்று நெம்பினார். மூடி கழன்றதும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு மின்விசிறிகள், அவை காற்றைத் தள்ளும் செப்புத் தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. இடுக்கியால் பிடித்து இழுத்தார். கம்பளித் துண்டு போல முழுசாக உரிந்து வந்தது. மெத்தைப் பஞ்சு, மாடித் தூசி, தலைமுடி எல்லாம் சேர்ந்து ஏழு மாதத்தில் நெய்த கம்பளி. “அண்ணே, இது கார்டு கோளாறு இல்ல. மூக்க அடச்சுட்டு ஓடச் சொன்னா எவன் ஓடுவான்?” என்றார். பிறகு ஹீட் சிங்கைத் தூக்கினார். சிப்பின் மேல் வெப்பம் கடத்த வைத்திருந்த பேஸ்ட் ஓரங்களுக்குப் பிதுங்கி, நடுவில் காய்ந்த சந்தனம் போல வெடித்துப் பொருக்காக நின்றது. பேஸ்டை வெறும் சூடு கெடுப்பதில்லை. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும் ஏற்ற இறக்கமே அதை ஓரத்துக்குத் தள்ளுகிறது.

“2008, 2009 வாக்குல வந்த போர்டெல்லாம் பாத்திருக்கணும் தம்பி. ஹீட் கன் அடிச்சு எத்தனைய எழுப்பிவிட்டிருக்கேன். மூணு மாசம் ஓடும், திரும்ப வரும்,” என்று மருமகனிடம் சொல்லிக்கொண்டே துடைத்தார். அவர் சொன்னது உலகறிந்த கதை. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் சிப்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பழுதாவதை ஒப்புக்கொண்டு, அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. எச்பி, டெல், ஆப்பிள் என எல்லார் லேப்டாப்களிலும் அந்தச் சிப்கள் இருந்தன. சிப்பையும் அதன் அடித்தட்டையும் இணைக்கும் நுண்ணிய ஈயப் பொட்டுகள் சூடேறி ஆறும் சுற்றில் விரிசல் விட்டதுதான் காரணம். இரண்டு மணி நேரச் சோதனை ஒரே ஒரு சுற்று. தினமும் இருமுறை வேர்த்து ஆறுவது வருடத்துக்கு எழுநூறு சுற்று. பயப்பட வேண்டியது எதற்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை இங்கேதான் கணக்குக்குள் வருகிறது. சிப்பின் வெப்பம் என்பது அறையின் வெப்பத்துக்கு மேல் ஏறும் அளவு. கடையில் ஏசி 24 டிகிரியில் ஓடும்போது கார்டு 76 காட்டுகிறது என்றால், 52 டிகிரி ஏற்றம். அதையே மொட்டைமாடி அறையில் 38 டிகிரியில் வைத்தால் 90 வர வேண்டும். வராது, 87-இல் கடிவாளம் விழுந்துவிடும். வாட்டைக் குறைத்துத்தான் அது 87-இல் நிற்கும். அதாவது ஐப்பசியில் 4060 வாங்கியவர் சித்திரையில் ஒரு படி கீழான கார்டை ஓட்டிக்கொண்டிருக்கிறார், காசு மட்டும் 4060-க்குக் கொடுத்துவிட்டு. குளிர்நாட்டில் 20, 22 டிகிரி அறையில் அளந்து யூடியூபில் போடும் விமர்சனங்கள் 40 டிகிரி தொடும் ஊருக்கு அப்படியே பொருந்தாது. வாங்குமுன் நான் பார்ப்பது ஒன்றே: அந்த விமர்சகர் அறை வெப்பம் எவ்வளவு என்று சொல்கிறாரா? சொல்லாதவர் காட்டும் எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை.

கிராமத்து வீடுகளில் மின்சாரச் சங்கடமும் சேரும். லோ வோல்டேஜை அடாப்டர் சமாளித்துவிடும், 100 முதல் 240 வோல்ட் வரை அதற்குச் சம்மதம். கரண்ட் போய்த் திரும்ப வரும் அந்த நொடிதான் கெட்டது. எர்த் சரியில்லாத வீட்டில் லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கும். அப்படி இருந்தால் சோதனையை விடுங்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பழைய லேப்டாப் வாங்குவோருக்கு நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். 2021-இல் கிரிப்டோ வெறி உச்சத்தில் இருந்தபோது சீனாவில் லேப்டாப்களையே வரிசையாக அடுக்கி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டினார்கள். 2022 செப்டம்பர் 15-இல் கார்டுகளை வைத்துத் தோண்டும் முறையை எதீரியம் மாற்றிக்கொண்டதும் அந்த வேலை ஒரே நாளில் நின்றது, கார்டுகள் சந்தைக்கு வந்தன. இங்கே கைமாறும் எல்லாமே அப்படி வந்தவை என்று சொல்லவில்லை. ஆனால் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். டச்பேட் லேசாக மேலெழும்பி நின்றால் அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது. அதை ஓட்டியே பார்க்கக் கூடாது, வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

புது லேப்டாப்புக்கு என் தீர்ப்பு இது. சோதனை வேண்டும், ஃபர்மார்க் வேண்டாம். நீங்கள் அன்றாடம் ஓட்டப்போகும் கனமான விளையாட்டோ, வீடியோ ரெண்டரோ அரைமணி நேரம் போதும். சான்று மாதிரி ஒன்று வேண்டுமென்றால் 3டிமார்க்கின் கட்டணப் பதிப்பில் ‘டைம் ஸ்பை’ ஸ்ட்ரெஸ் டெஸ்ட் இருக்கிறது. ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் 97 சதவீதத்துக்குக் கீழே தடுமாறாமல் நின்றால் தேர்ச்சி. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வெப்பத்தைவிட வாட்டைக் கவனியுங்கள். 115 என்று விற்றது பத்தாவது நிமிடத்தில் 70-இல் உட்கார்ந்தால் அதுதான் நீங்கள் வாங்கிய சரக்கு. மர மேசை மேல், பின்பக்கம் இரண்டு பழைய கைடு புத்தகங்களை முட்டுக்கொடுத்து, ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். திரையில் கோடு கோடாக வந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

ஆன்லைனில் பெரும்பாலான லேப்டாப்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, ஏழு நாளுக்குள் மாற்றித்தான் தருவார்கள். அதற்கும் நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்து எழுதித் தர வேண்டியிருக்கும். எனவே பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள், சோதனை எண்களைத் தேதி தெரியப் படம் பிடித்து வையுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஜிஎஸ்டி பில் வேண்டும். எண்பதாயிரத்தில் சுமார் 12,200 ரூபாய் வரி என்பதால் ‘பில் இல்லாம எடுத்துக்கங்க, கொறச்சுத் தர்றேன்’ என்ற குரல் காதுக்கு இனிக்கும். அந்தக் குரலுக்கு வாரன்ட்டியும் இல்லை, வழக்கும் இல்லை.

மருமகனின் லேப்டாப் அன்று துடைத்து, புது பேஸ்ட் வைத்து, அறுநூறு ரூபாய் கூலியோடு வீட்டுக்கு வந்தது. அதே மாடி அறை, அதே வெயில். முன்பு 87 டிகிரியில் முட்டிக்கொண்டு 68 வாட்டில் ஓடியது, இப்போது 82 டிகிரியில் 104 வாட் இழுக்கிறது. மெத்தையை விட்டு இறங்கி மேசைக்கு வந்துவிட்டான்.

அவனிடம் ஒன்று சொல்லி வைத்தேன், உங்களுக்கும் சொல்கிறேன். தீபாவளித் தள்ளுபடியில் வாங்குபவர் முதல் ஏழு நாள் சோதனையை அடைமழைக் குளிரில் செய்கிறார். அதில் எல்லா லேப்டாப்பும் தேறிவிடும். மே மாதத்தில் ஒரு மதியம் இரண்டு மணிக்கு அதே சோதனையை மறுபடி போடுங்கள். ஒரு வருட வாரன்ட்டிக்குள் வருவது ஒரே ஒரு கத்திரிதான்.